யன்னலுக்கு வெளியே ஒரு கிளி

லண்டன் பூங்காக்களில் கீச்சிட்டுக்கொண்டு கூட்டமாகப் பறக்கிற பச்சைப் பறவைகளைக் கண்டிருப்பீங்கள். பிள்ளைகளுக்கு அது பாரகீட். அம்மம்மாவுக்கு அது கிளி. ஊரில் மரப்பொந்துக்குள் கூடு வைக்கிற, சிவந்த சொண்டுள்ள அதே இனம்தான். கழுத்தில் வளையம் தெரிந்தால் வளர்ந்த ஆண். சிட்டுக்குருவியும் அப்படியே, அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். தமிழ் வகுப்பில் கிளியைப் படத்தில் மட்டும் பார்க்கிற பிள்ளைக்கு, வேலிக்கு மேலே கத்துவதும் அதுதான் என்று யாராவது சொல்ல வேணுமே!

ஆர்.எஸ்.பி.பி. அமைப்பு 1979 முதல் நடத்தும் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு ஜனவரி கடைசி வார இறுதியில் வரும். பைனாகுலர் வேண்டாம். யன்னலோரம் ஒரு மணிநேரம் இருந்தால் போதும். தோட்டம் இல்லாதவர்கள் பூங்காவுக்குப் போகலாம். ஒவ்வொரு இனத்திலும் ஒரே நேரத்தில் ஆகக்கூடுதலாகக் கண்ட எண்ணிக்கையைத்தான் எழுத வேணும். தரையிறங்காமல் மேலால் பறந்து போனது கணக்கில் இல்லை. (பிள்ளைகள் இதற்குக் கட்டாயம் சண்டை பிடிப்பார்கள்.)

அம்மம்மா ஊரில் இருந்தால் வீடியோவில் கூப்பிடுங்கோ. காலை பத்து மணிக்கு அங்கே பின்னேரம் மூன்றரை, தேத்தண்ணி நேரம். ராபினைப் பற்றிப் பிள்ளை அவவுக்குச் சொல்லட்டும். கிளி வந்தால் அவ கதைக்கட்டும், நீங்கள் மொழிபெயர்க்க அவசரப்படாதேங்கோ.