எடைக்குப் போகும் கைத்திறன்

ஆயுத பூசை நாளில் தொழிற்கருவிகளுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் இட்டு வணங்குவது தமிழர் மரபு. சுத்தியலும் உளியும் அரமும் வாளும் அன்று தெய்வத்தின் திருமுன் வரிசையாக வைக்கப்படுகின்றன. அவ்வாறு வைத்து வணங்கிய தந்தை மறைந்த சில திங்களில் அவருடைய கருவிப்பெட்டி பழைய இரும்பு வாங்குபவரின் தராசில் ஏறுகிறது. வீட்டில் இடம் கிடைத்தது என்று மகன் மனம் நிறைகிறான். நேற்றுத் தெய்வமாக இருந்தது இன்று குப்பை ஆனது எவ்வாறு? இந்த வினாவுக்கு விடை தேடாமல் ஆண்டுதோறும் பொட்டு வைப்பதால் யாருக்கு என்ன பயன்?

மலேசியத் தமிழர் வரலாற்றில் அந்தப் பெட்டிக்குத் தனி இடம் உண்டு. கோலாலம்பூர், செந்தூலில் இயங்கிய இரயில்வே பணிமனை பல தலைமுறைத் தமிழருக்குச் சோறு போட்டது. போர்க்காலத்தில், 1945ஆம் ஆண்டில், நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சால் சிதைந்த பணிமனை அது. பிற்காலத்தில் அப்பணிகள் பத்து காஜாவுக்கு மாறின. தோட்டங்களிலும் ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர்கள் இருந்தார்கள். வீடுகளுக்குக் கதவும் சன்னலும் இழைத்த தச்சர்கள் இருந்தார்கள். பால்மரம் சீவியவர்களின் கதை ஓரளவேனும் எழுதப்பட்டுவிட்டது. பட்டறையில் நின்றவர்களின் கதையோ, அவர்களின் உள்ளங்கை பட்டுத் தேய்ந்த கைப்பிடிகளில்தான் இன்னும் இருக்கிறது. அதையும் எடைக்குப் போட்டுவிட்டால் மிஞ்சுவது என்ன?

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று ஒதுக்குவோர் உண்டு. அவர்கள் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் 1869இல் லியோனார்டு பெய்லி என்பவரின் காப்புரிமைகளை வாங்கி இரும்பு இழைப்புளிகளைச் செய்யத் தொடங்கியது. இன்றைய இரும்பு இழைப்புளிகளிற் பெரும்பாலானவை அந்த அமைப்பின் வழிவந்தவையே. ஃபிலடெல்ஃபியாவில் 1840இல் ஹென்றி டிஸ்டன் தொடங்கிய தொழிலகத்தின் கைவாள்கள் உலகெங்கும் சென்றன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ரெக்கார்ட் வைஸ்கள் எத்தனையோ பட்டறை மேசைகளில் இருந்தன. துருவுக்கு அடியில் கிடப்பது நல்ல எஃகு. அதைப் பழைய வாளிக்கும் தகரத்துக்கும் ஈடாக நிறுத்துக் கொடுப்பது சிக்கனமா, அறியாமையா?

“புதியது மலிவாகக் கிடைக்கும்போது பழையதோடு ஏன் போராட வேண்டும்?” என்பது அடுத்த வாதம். இன்று விற்கும் மலிவான கைவாள்கள் பலவற்றின் பற்கள் மின்தூண்டலால் மிகக் கடினமாக்கப்பட்டவை. அவை நெடுநாள் கூர்மையாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் மழுங்கியபின் அரத்தால் தீட்ட இயலாது, அரமே வழுக்கிவிடும். தூக்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. பழைய வாளையோ முக்கோண அரம் கொண்டு மீண்டும் மீண்டும் தீட்டலாம். தந்தைக்குப்பின் மகனும் தீட்டலாம். முன்னது வாங்குபவனை மறுபடியும் கடைக்கு அனுப்புகிறது. பின்னது அவனுக்கு ஒரு தொழிலைக் கற்றுத் தருகிறது.

துருவைப் போக்குவது மந்திர வித்தை அன்று. சிறு கருவியைப் புளிக்காடியில் ஓரிரவு ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, உடனே உலர்த்தினால் போதும். பெரியதாயின் மின்பகுப்பு முறை உண்டு. சலவைச்சோடா கரைத்த நீரில் கருவியை எதிர்முனையிலும் வேண்டாத இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைத்து, பேட்டரி சார்ஜர் வழியாகக் குறைந்த மின்னழுத்தம் பாய்ச்ச வேண்டும். தீப்பற்றும் வாயு எழுவதால் இதைத் திறந்தவெளியில் செய்ய வேண்டும். நேர்முனையில் எவர்சில்வரை ஒருபோதும் வைக்கலாகாது, நச்சு உண்டாகும். பின்னர் இழைப்புளியின் அடிப்பாகத்தைக் கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்துச் சமன் செய்து, அலகை ஏறத்தாழ 30 பாகைக் கோணத்தில் சாணைக்கல்லில் தீட்டினால் மரச்சுருள் மெல்லிதாய் எழும். இந்நாட்டின் ஈரக்காற்றில் துரு மீளாதிருக்கத் தையல் இயந்திர எண்ணெயை மெல்லத் தடவி வைத்தால் போதும்.

எனினும் பழமை என்ற ஒன்றே தகுதி ஆகிவிடாது. வார்ப்பிரும்பில் விரிசல் கண்ட இழைப்புளி, புரி தேய்ந்த வைஸ், தலை சிதறிய உளி, மின்கம்பியின் உறை உதிர்ந்த பழைய துளைப்பொறி ஆகியவற்றை மலிவு என்று வாங்குவது அறிவுடைமை ஆகாது. விரிசலைத் தேடிப் பார்க்கவும், வாளைக் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவைக் காணவும், அலகில் இன்னும் எவ்வளவு எஃகு எஞ்சியுள்ளது என்று அளக்கவும் தெரிந்தவரே வாங்கத் தக்கவர். அத்தகையவர் பொறுக்கியெடுக்கும் இடங்களும் குறைந்து வருகின்றன. சிங்கப்பூரில் பல தலைமுறைகளாக நடந்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 சூலை 10ஆம் நாள் மூடப்பட்டது.

தராசுக்குத் தப்பியவற்றுக்கு மற்றொரு பகை உண்டு. அது கண்ணாடிப் பேழை. ஸ்டான்லியின் முதல் எண் இழைப்புளி ஏறத்தாழ 14 செண்டிமீட்டர் நீளமே உடையது; தச்சருக்கு அதனால் ஆகும் வேலை சிறிது. ஆயினும் அரியது என்பதால் சேகரிப்பாளர்கள் பெரும்பணம் தருகிறார்கள். நாள்தோறும் உதவும் நான்காம் எண்ணும் ஐந்தாம் எண்ணும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வேலை செய்யாத கருவிக்கு உயர்ந்த விலை, வேலை செய்யும் கருவிக்குத் தாழ்ந்த விலை! உணவகச் சுவரில் வார்னிசு பூசித் தொங்கும் வாளும் உருக்காலைக்குப் போன வாளும் ஒருவகையில் ஒன்றே; இரண்டும் இனி மரம் அறுக்கப் போவதில்லை.

இவற்றுக்கெல்லாம் அடிவேர், கைத்தொழில் இழிவானது என்ற எண்ணம். “படிக்காவிட்டால் பட்டறைக்குத்தான் போவாய்” என்று பிள்ளைகளை அச்சுறுத்தும் வீட்டில் தந்தையின் கருவிக்கு எங்கே இடம் இருக்கும்? தொடக்கப்பள்ளியில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் ஒரு பாடமாக வைக்கப்பட்டும், ஆணியை நேராக அடிக்கத் தெரியாமல் மாணவர் வெளியேறினால் குற்றம் கருவியினது அன்று. அதைத் தொடவிடாத பெரியவர்களுடையது. ஓய்வுபெற்ற பட்டறைத் தொழிலாளி ஒருவரை வாரத்தில் ஒரு நாள் அழைத்து அமரச் செய்தால், துருப்பிடித்த ஓர் இழைப்புளியே ஒரு வகுப்பறை ஆகும். அத்தகையோர் இன்னும் இருக்கிறார்கள். என்றும் இருக்கமாட்டார்கள்.

அடுத்த ஆயுத பூசைக்கு முன் ஒவ்வொரு குடும்பமும் ஒரே ஒரு கருவியின் துருவைப் போக்கி, அதைக் கொண்டு ஒரு பலகையையேனும் இழைத்துப் பார்க்கட்டும். அதன்பின் வைக்கும் பொட்டுக்குப் பொருள் இருக்கும்.