லாரி எங்கே நிற்கும்?

ஜி.எஸ்.டி. ரோட்டில் டூவீலர் ஓட்டுகிற எல்லாருக்கும் இது தெரியும். வண்டலூர் தாண்டி பெருங்களத்தூர் பக்கம் வரும்போது, ரோட்டின் இடது ஓரம் நமக்குத்தான் என்று நினைத்துப் போய்க்கொண்டிருப்போம். திடீரென்று அங்கே ஒரு லாரி நிற்கும். வலது பக்கம் ஒதுங்கணும். பின்னாடி பஸ் ஹாரன் அடிச்சுக்கிட்டு வரும். அந்த ரெண்டு செகண்ட்தான் ஆபத்து. ராத்திரியில் இன்னும் மோசம்: பின்பக்க விளக்கு எரியாத லாரி, கிட்ட போகிற வரைக்கும் கண்ணுக்கே தெரியாது. ‘நின்றுகொண்டிருந்த லாரி மீது பைக் மோதி’ என்று செய்தி வரும்போது ஊர்ப் பெயரும் ஆள் பெயரும்தான் மாறுது.

‘லாரியைப் பகல்ல ஊருக்குள்ள விடவே கூடாது’ என்பதுதான் நாம் உடனே சொல்லும் தீர்வு. காலை, மாலை நெரிசல் நேரத் தடை கண்டிப்பா வேணும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2025 ஜூனில் பெரம்பூரில் அம்மாவோடு ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போன பத்து வயதுச் சிறுமி தண்ணீர் லாரி மோதி இறந்தாள். பள்ளி நேரத்தில் அந்த லாரி அங்கே வந்திருக்கவே கூடாது.

ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. தடை போட்டதும் லாரி ஆவியாகிப் போயிடுமா? தடை முடிகிற வரை எங்கேயாவது நிற்கணும். இது நாம படிச்ச கியூயிங் தியரிதான். ஒரு பேச்சுக்கு, மணிக்கு 60 லாரி வருது, ஒவ்வொன்றும் 3 மணி நேரம் காத்திருக்குதுன்னு வெச்சுக்குவோம். லிட்டில்ஸ் லா படி எந்த நேரத்திலும் 180 லாரி நின்றுகொண்டிருக்கும். ஒன்றுக்கு 12 மீட்டர் நீளம் என்றால், ஒன்றையொன்று ஒட்டி நிறுத்தினால்கூட 2 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த 2 கிலோமீட்டர்தான் நாம பைக் ஓட்டுகிற ஓரம். ஓடுற லாரியை நிற்கிற லாரியா மாத்திட்டு, பிரச்சினை தீர்ந்ததுன்னு சொல்லிக்கிறோம்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இதை யோசிக்காமல் இல்லை. பிரிவு 115, பொதுமக்கள் பாதுகாப்புக்காக ஒரு சாலையில் வாகனங்களைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் தருது. ரெண்டு பிரிவு தள்ளி 117 இருக்கு: உள்ளாட்சி அமைப்பைக் கலந்து, வாகனங்கள் நிற்பதற்கான இடங்களை அரசு தீர்மானிக்கலாம் என்று சொல்லுது. நாம 115-ஐப் படிச்சிட்டு, 117 வர்றதுக்குள்ள புத்தகத்தை மூடிட்டோம்.

சென்னைக்கு இது புதுசும் இல்லை. மாதவரத்தில் சி.எம்.டி.ஏ. அமைத்த டிரக் டெர்மினல் இருக்கு. ஆனா அது வடக்கே. விழுப்புரம், செங்கல்பட்டு வழியா வர்ற டிரைவருக்கு மாதவரம் ஊரின் மறுமுனை. பல்லாவரத்தில் சரக்கு இறக்க வேண்டியவர் அங்கே போய்க் காத்திருந்துவிட்டுத் திரும்பி வருவாரா?

‘அதான் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை 62 கிலோமீட்டருக்குப் போட்டிருக்காங்களே!’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஊரைத் தாண்டிப் போகிற லாரிக்கு அது பதில். ஊருக்குள்ளேயே வர வேண்டிய லாரிக்கு? மேடவாக்கத்தில் எழும்புகிற அபார்ட்மென்ட்டுக்குக் கம்பியும் சிமென்ட்டும் எம்-சாண்டும் வரணும். ஹாஸ்டல் தொட்டிக்குத் தண்ணி லாரி வரணும். நாம ஆர்டர் பண்ற பார்சல்கூட ஏதோ ஒரு லாரியில்தான் குடோனுக்கு வந்திருக்கும்.

அந்த வண்டியில் இருக்கும் ஆளையும் பாருங்க. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே சொன்னது: ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரம் வேலை பார்த்தால் அரை மணி ஓய்வு. ஓய்வு எங்கே எடுப்பது? ரோட்டோரத்தில் கேபினுக்குள்ளதான். பாத்ரூம் கிடையாது, குளிக்க இடம் கிடையாது.

அமெரிக்காவில் 2009-ல் ஜேசன் ரிவன்பர்க் என்ற லாரி டிரைவர் சரக்கு இறக்கும் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். பாதுகாப்பான பார்க்கிங் கிடைக்காமல், மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினார். அங்கேயே கொள்ளைக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மனைவி விடாமல் போராடினார். 2012-ல், லாரி பார்க்கிங் வசதிகளுக்கு அரசு நிதி தருவதற்கு வழி செய்யும் ‘ஜேசன்ஸ் லா’ வந்தது.

நமக்கு என்ன வேணும்? வெளிவட்டச் சாலை ஜி.எஸ்.டி. ரோட்டைத் தொடுகிற பகுதியில் ஒரு லாரி நிறுத்தம். திரும்புகிற இடத்தையும் சேர்த்து லாரிக்கு 150 சதுர மீட்டர் என்று வைத்தாலும், மேலே சொன்ன 180 லாரிக்கு 7 ஏக்கர்கூட ஆகாது. கழிப்பறை, குளியலறை, சாப்பாடு, வெளிச்சம் இருக்கணும். கட்டணம் வாங்கட்டும், சரக்கை வரவழைக்கிறவர் அதைக் கொடுக்கட்டும். அதற்கப்புறமும் ரோட்டோரத்தில் நிறுத்தினால் தாராளமா அபராதம் போடுங்க, இழுத்துட்டும் போங்க. போக இடம் கொடுக்காமல் போடுற அபராதம் டிரைவர் பாக்கெட்டைக் காலி பண்ணும்; ரோட்டைக் காலி பண்ணாது.

யாரிடம் கேட்பது என்ற குழப்பமும் முன்பு மாதிரி இல்லை. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. 2022 ஜனவரி 1-ல் தனி போலீஸ் கமிஷனரேட்டும் வந்தது.

கடைசியா சிவில் டிபார்ட்மென்ட் மக்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடுறீங்களா? இரும்புலியூரில் இருந்து வண்டலூர் வரை ரோட்டோரத்தில் நிற்கிற லாரிகளை ஒரு வாரம், மணிவாரியா எண்ணுங்க. எவ்வளவு நேரம் நிற்குது, எங்கே போகக் காத்திருக்குதுன்னு டிரைவர்களிடமே கேளுங்க. என் 180 வெறும் உதாரணக் கணக்குதான். உங்க கையில் நிஜக் கணக்கு இருக்கும். அதை ரெண்டு பிரிண்ட் எடுத்து, ஒன்றை மாநகராட்சியிலும் இன்னொன்றை கமிஷனர் ஆபீஸிலும் கொடுங்க. பிரிவு 117-ஐ முதல் பக்கத்திலேயே எழுதிடுங்க.