எக்ளேர் உசத்தி, மக்கன் பேடா மட்டமா?

ராணிப்பேட்டையிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டினால் ஆற்காடு. அந்த ஊர் மக்கன் பேடாவை "பருப்பு வைத்த குலாப் ஜாமூன்" என்று வெளியூர்க்காரர்களுக்கு நம்மவர்களே சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பேக்கரியில் எக்ளேர் (டாஃபி இல்லை, நீளமாக கிரீம் வைத்தது) வாங்கும்போது மட்டும் "கிரீம் பன்" என்று சொல்வோமா? பிரெஞ்சுப் பேராச்சே! அதற்கு அர்த்தம் மின்னல். 'போன்போன்' என்பது 'நல்லது நல்லது' என்கிற மழலை. கேக் மேல் ஊற்றும் சாக்லேட் 'கனாஷ்' இருக்கிறதே, அந்தச் சொல்லுக்கு முதலில் குதிரையின் கீழ்த்தாடை என்று பொருள், பிறகு மடையன். (நிஜமாகத்தான்!)

எல்லாம் சொந்தச் சரக்கும் இல்லை. 'ஷொகொலா' மெக்சிகோவிலிருந்து ஸ்பானியர் வழியாகப் போனது. சர்க்கரைக்கு அவர்கள் சொல்லும் 'சுக்ர்', சமஸ்கிருத 'சர்க்கரா' பாரசீகம், அரபி, இத்தாலியன் எல்லாம் சுற்றிப் போய்ச் சேர்ந்தது. நம் சர்க்கரைக்கும் அதே மூலம்தான்.

மக்கன் என்றால் உருதுவில் வெண்ணெய். கோவாவும் மைதாவும் பிசைந்து, உள்ளே முந்திரி, பாதாம் வைத்துப் பொரித்துப் பாகில் ஊறவைக்கிறார்கள். வாயில் வெண்ணெயாய்க் கரைவதால் அந்தப் பேர் என்பார்கள். மின்னலே இல்லாத எக்ளேரைப் பேர் சொல்லிக் கேட்கிறோம். இதையும் பேர் சொல்லியே கேட்டால் என்ன?