அப்பத்தா கோலத்தில் போட்ட ஊட்டி ரோடு

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல, மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து சிரித்ததுண்டா? எங்கள் வீட்டில் உண்டு. சிரித்தவர்களில் நானும் ஒருத்தி என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் மாமியாருக்கு எண்பத்து நான்கு வயது. கோயம்புத்தூருக்கு வந்து ஐம்பது வருஷங்களுக்கு மேல் ஆகியும் அவருடைய பேச்சில் சத்தியமங்கலத்து வாடை போகவில்லை. ஊட்டிக்குப் போவதாக யார் எப்போது பேச்செடுத்தாலும் சரி, "ஊட்டி ரோடா? அது எங்க ஊட்டுத் திண்ணைக்கு முன்னாலதான் போச்சு" என்பார். 'ஊட்டுத் திண்ணை', 'ஊட்டி ரோடு' என்று குழந்தைகள் அதைப் பாட்டாகவே பாடிக் காட்டுவார்கள். என் கணவர் இஞ்சினீயர் அல்லவா? அவர் பொறுமையாக விளக்குவார்: "அம்மா, ஊட்டி ரோடு மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறுகிறது. நீங்கள் பிறந்த ஊர் எங்கே, மேட்டுப்பாளையம் எங்கே!" அத்தை பதில் பேசமாட்டார். வெற்றிலைப் பெட்டியை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

அத்தை பிறந்த ஊர் தண்ணாயக்கன் கோட்டை. அந்த ஊர் இப்போது இல்லை. பவானியும் மோயாறும் சேரும் இடத்தில் 1948-ல் அணை கட்டத் தொடங்கி 1955-ல் முடித்தார்கள். பவானிசாகர் அணை என்று நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வருகிறீர்களே, அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் ஊர் கிடக்கிறது. அத்தைக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது. ஊரையே காணோம் என்றால், அங்கே ரோடு போனதை யார் நம்புவார்கள்?

என் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். ஏதாவது ஒரு நெடுஞ்சாலையை எடுத்துக்கொண்டு அது எங்கே புறப்பட்டு எங்கே முடிகிறது, யார் போட்டார்கள், முன்பு எப்படி இருந்தது என்றெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவர வேண்டுமாம். பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தால் அது அம்மாவுக்குக் கொடுத்த மாதிரிதானே! நாங்கள் மாநில நெடுஞ்சாலை எண் 15-ஐ எடுத்துக்கொண்டோம். ஈரோட்டிலிருந்து கோபி, சத்தியமங்கலம், சிறுமுகை, மேட்டுப்பாளையம், கோத்தகிரி வழியாக ஊட்டி வரையில் சுமார் 160 கிலோமீட்டர். பாதிப் பாதை நமக்குத் தெரிந்ததுதானே, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நாலு மாதம் ஆயிற்று.

ஒரு ரோட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள முதலில் ரோட்டோரக் கற்களைப் பார்க்கவேண்டும். கிலோமீட்டர் கல்லின் தலையில் மஞ்சள் பூசியிருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை பூசியிருந்தால் மாநில நெடுஞ்சாலை. இத்தனை வருஷம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போயும் இது எனக்குத் தெரியாது! கல்லுக்கு அடுத்தபடி காகிதம். நீலகிரி ஜில்லாவைப் பற்றி கிரிக் என்ற அதிகாரி 1880-ல் ஒரு பெரிய புத்தகமும், பிரான்சிஸ் என்பவர் 1908-ல் ஒரு கெஜட்டியரும் எழுதியிருக்கிறார்கள். அதே 1908-ல் பிரைஸ் துரை ஊட்டிக்கென்றே ஒரு தனிச் சரித்திரம் எழுதினார். இவையெல்லாம் இன்று கம்ப்யூட்டரிலேயே படிக்கக் கிடைக்கின்றன. சமையலறை மேடையில் வைத்துக்கொண்டு, குக்கர் விசிலுக்கும் விசிலுக்கும் நடுவே படித்தேன்.

படிக்கப் படிக்க ஒரு சங்கதி உறைத்தது. இன்று நாம் காரில் போகும் பாதையை யாரோ ஒருவர் ஒரு நாள் உட்கார்ந்து திட்டம் போட்டு அமைத்துவிடவில்லை. கிழிந்த சேலையின்மேல் ஒட்டுப் போட்டு, அந்த ஒட்டின்மேல் இன்னொரு ஒட்டுப் போட்ட மாதிரி, ஒரு ரோட்டின்மேல் இன்னொரு ரோடாக அது வந்து சேர்ந்திருக்கிறது.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819 ஜனவரியில் மலை ஏறினார் என்பது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் அவருக்கும் முன்னால், 1812-லேயே கீஸ் என்ற சர்வேயர் ஒருவர் மக்மஹான் என்ற உதவியாளரோடு மலைக்குப் போய் வந்திருக்கிறார். எந்தப் பக்கமாக ஏறினார், சொல்லுங்கள் பார்க்கலாம்? மேட்டுப்பாளையம் பக்கமாக அல்ல. தண்ணாயக்கன் கோட்டைப் பக்கமாக!

அந்த வரியை நான் மூன்று தடவை படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

பிறகு நிதானமாக யோசித்தபோது இதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று புரிந்தது. ஹொய்சளர் காலத்துத் தண்டநாயகர்கள் கோட்டை கட்டிக் காவல் வைத்த இடம் அது. 'தண்டநாயகன்' என்பதுதான் நம் வாயில் 'தண்ணாயக்கன்' ஆகியிருக்கிறது. மைசூர்ச் சீமையிலிருந்து கெஜல்ஹட்டிக் கணவாய் வழியாக இறங்குகிறவர்கள் அந்தக் கோட்டையைத் தாண்டித்தான் வரவேண்டும். 1790-ல் திப்புவின் படை இறங்கி வந்ததும் அந்தக் கணவாய் வழியாகத்தான். அப்படி நாலு பக்கத்துக்கும் வழி பிரிந்த ஊர், கேட்பாரற்ற பட்டிக்காடாகவா இருந்திருக்கும்?

மலைக்கு முதன்முதலாக ஒழுங்கான பாதை வெட்டியது 1821-லிருந்து 1823 வரை. மக்பர்சன் என்ற ராணுவ அதிகாரி மேற்பார்வை பார்த்தார். அந்தப் பாதையும் மேட்டுப்பாளையத்தில் தொடங்கவில்லை; சிறுமுகையில் தொடங்கிக் கோத்தகிரிக்கு ஏறியது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் டிம்பட்டி என்ற இடத்தில்தான் வெள்ளைக்காரர்கள் முதலில் குடியிருந்தார்கள். சற்றுத் தள்ளிக் கன்னேரிமுக்கில் சல்லிவனுடைய பழைய பங்களாவைப் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள். போனால் பார்த்துவிட்டு வாருங்கள். புத்தகங்களில் துரைகளின் பெயர் வரிசையாக இருக்கிறது. பாறையை உடைத்தவன், கூடையில் மண் சுமந்தவள், வழி காட்டிக்கொண்டு முன்னால் நடந்த மலைவாசி இவர்களில் ஒருவர் பெயரைக்கூட நான் பார்க்கவில்லை. எனக்குக் கோபமாகவே வந்தது.

சிறுமுகைப் பாதைக்கு யோகம் அதிக நாள் நீடிக்கவில்லை. 1830-களின் தொடக்கத்தில் குன்னூர் வழியாக ஒரு பாதை போட்டார்கள். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். 1873-ல் மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது. அப்புறம் மேட்டுப்பாளையம் வைத்ததுதான் சட்டம்! கோத்தகிரிக்கும் 1870-களில் மேட்டுப்பாளையத்திலிருந்து புதிதாக ரோடு போட்டார்கள். குஞ்சப்பனை, முள்ளூர், அரவேணு என்று பலா மரங்களுக்கு நடுவே வளைந்து ஏறுகிறதே, அந்த வழி. (பலாப் பழக் காலத்தில் அங்கே யானை வரும், காரை நிறுத்திவிட்டு இறங்கிப் போட்டோ எடுக்காதீர்கள்.) மலை ரயில் குன்னூருக்கு 1899-லும் ஊட்டிக்கு 1908-லும் போய்ச் சேர்ந்தது. இப்போது கோடை சீசனில் போலீஸ்காரர்கள் குன்னூர் வழியாக ஏறு, கோத்தகிரி வழியாக இறங்கு என்று திருப்பிவிடுகிறார்கள். முதன்முதலாக ஏறிய பக்கம் இன்று இறங்குகிற பக்கம் ஆகிவிட்டது!

இருக்கட்டும். நான் படித்ததை அன்று ராத்திரி கணவரிடம் காட்டினேன். அவர் படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய், கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, அந்தத் திண்ணை எந்தப் பக்கம் பார்த்து இருந்தது?"

அத்தை அவரை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்தார். "இப்பத்தான் கேக்கோணும்னு தோணுச்சாக்கும்?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அம்மிணி, கோலமாவு டப்பாவை எடுத்துட்டு வா" என்றார். ராத்திரி ஒன்பது மணிக்குக் கோலமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பென்சில் பிடித்துப் பழகாத கை அது. ஆனால் மாவு இழை பிசகவில்லை. ஆறு ஒரு கோடு. அதில் வந்து சேரும் மோயாறு இன்னொரு கோடு. கோட்டைக்கு ஒரு சதுரம், பெருமாள் கோயிலுக்கு ஒரு புள்ளி. சத்தியமங்கலத்திலிருந்து வந்த ரோடு ஊருக்குள் நுழைந்து கோயிலைச் சுற்றிக்கொண்டு சிறுமுகைக்குப் போயிற்றாம். அந்த வளைவில்தான் வீடு. அவருடைய அப்பா வண்டிக்காரர்களுக்கு வைக்கோலும் கொள்ளும் விற்றவர். ராத்திரியில் வண்டிகள் வரிசையாக வரும்போது, வண்டிக்கு அடியில் தொங்கும் லாந்தரை எண்ணிக்கொண்டே அத்தை திண்ணையில் தூங்கிவிடுவாராம். "மேட்டுப்பாளையம் போற வண்டி, ஊட்டிக்குப் போற வண்டின்னுதான் எங்கப்பா சொல்லுவாரு" என்றார். என் பெண் நாற்காலிமேல் ஏறி நின்று அந்தக் கோலத்தைப் போனில் படம் பிடித்தாள். "அப்பத்தா, கையை எடுங்க, நிழல் விழுது" என்று அவள் சொன்னதற்குக்கூட அத்தை கோபித்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் எல்லாரும் காரில் கிளம்பினோம். சிறுமுகையில் ஒரு வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கும் கல்லைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம். நீளமாக, ஒரு பக்கம் மட்டும் வளைந்து, பழைய மைல் கல்லைப் போலவே இருந்தது. புரட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அந்த வீட்டு அம்மாள், "துணியெல்லாம் ஊறப் போட்டிருக்கேனுங்க, நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டார். நியாயந்தானே? ஆராய்ச்சிக்காக ஒரு வீட்டுத் துணியை நிறுத்திவைக்க முடியுமா! நோட்டில் 'சந்தேகம்' என்று எழுதி, எதிரே ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டோம்.

சில வறட்சி ஆண்டுகளில் அணையில் தண்ணீர் நன்றாக வற்றும்போது அந்தப் பெருமாள் கோயில் வெளியே தெரியும். நாங்கள் போன அன்று தண்ணீர் ததும்பிக் கிடந்தது. அத்தைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முகம் சுண்டிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீரை விட்டுவிட்டு மலையைப் பார்க்க ஆரம்பித்தார். "அந்த முடி அப்படியே இருக்குது. அது எங்க ஊட்டுக் கூரைக்கு நேர் பின்னால வரும்... இன்னும் கொஞ்சம் அந்தாண்ட போ" என்று காரை நகர்த்தச் சொன்னார். மூன்று தடவை நகர்த்தினோம். நாலாவது இடத்தில் கையை நீட்டித் தண்ணீரில் ஓர் இடத்தைக் காட்டினார். அங்கே ஒரு பரிசல் போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தோம். சத்தியமங்கலத்துக்கும் சிறுமுகைக்கும் நடுவே இரண்டு வரி இடம் விட்டிருந்தாள் என் பெண். இரண்டு வரி போதாது என்றார் அத்தை. ரோட்டை எழுதினால் ரோட்டோரத்து வீடுகளையும் எழுதவேண்டுமாம். கோயில் வளைவிலிருந்து ஒவ்வொரு வீடாக யார் இருந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பதினேழு வீடு ஆயிற்று. பதினெட்டாவதில் நின்றுவிட்டார். "அந்த ஊட்டுல ஒரு புள்ள இருந்தா, என் சோட்டு. தாயம் ஆடுவோம். பேரு வாயில வரமாட்டேங்குது" என்றார். சாப்பிடாமல் படுத்துக்கொண்டுவிட்டார்.

விடியற்காலை மூன்று மணி இருக்கும். யாரோ என் தோளைத் தொட்டு எழுப்பினார்கள். பதறிப்போய் விளக்கைப் போட்டேன். அத்தை நின்றுகொண்டிருந்தார். "அம்மிணி, அந்த நோட்டை எடு. பேரு வந்திருச்சு."

எழுதிக்கொண்டேன்.