கான்டெஸாவுக்கு அகல டயர் போடலாமா?

“மாமனார் வாங்கிய கான்டெஸா இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. டயர் ஒல்லியாக இருக்கிறது, அகலமாகப் போட்டால் கம்பீரமாக இருக்கும் என்கிறான் என் மகன். ‘வண்டி இருக்கிறபடியே இருக்கட்டும்’ என்கிறார் மாமனார். யார் சொல்வது சரி?” மயிலாப்பூர் வாசகி ஒருவரின் கேள்வி இது.

இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி!

1984 முதல் 2002 வரை தயாரான கான்டெஸாவை ‘இந்தியாவின் மசில் கார்’ என்று ரசிகர்கள் கொண்டாடுவார்கள். நீண்ட பானெட்டும் அகன்ற உடலும்தான் காரணம். அமெரிக்க மசில் கார்களின் வி8 எஞ்சின் இதில் கிடையாது. முதலில் அம்பாசடரின் 1.5 லிட்டர் எஞ்சின், பிறகு இசுசூவின் 1.8 லிட்டர். அதனால் ரொம்ப அகலமான டயர் இதற்குத் தேவையில்லை. கொஞ்சம் கூட்டினால் தோற்றமும் வரும், வளைவில் பிடிப்பும் கூடும்.

முதலில் உங்கள் டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள். உதாரணத்துக்கு, 175/70 ஆர்13 என்றால் அகலம் 175 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 13 அங்குலம். மொத்த உயரம் சுமார் 575 மில்லிமீட்டர். இதற்குப் பதில் 205/60 ஆர்13 போட்டால் அகலம் 30 மில்லிமீட்டர் கூடும். உயரமோ ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் கூடும். இந்த உயரம் மாறினால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும். டயர் அகலத்துக்கு ஏற்ப ரிம்மும் அகலமாக இருக்க வேண்டும்.

கூடிய அகலம் எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். உள்ளே போனால் சஸ்பென்ஷனில் உரசும். வெளியே தள்ளினால் வீல் பேரிங் சீக்கிரம் தேயும், ஸ்டீயரிங் கனக்கும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியை மாட வீதியில் பார்க் செய்கிறவருக்கு இது தினசரி வேதனை. ஒரு முன்வீலை மட்டும் மாட்டி, நாலு பேரை உட்கார வைத்து, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். உரசினால் அந்த அளவு வேண்டாம்.

மழைக்காலத்தையும் மறக்காதீர்கள். அகல டயர் அதிகத் தண்ணீரை விலக்கியாக வேண்டும். தேங்கிய நீரில் வேகமாகப் போனால் ஒல்லி டயரைவிட இது சீக்கிரமே மிதந்து வழுக்கும். டயர் பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் காரை ஓட்டவே கூடாது. சென்னை மழைக்கு அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரித்த நிறுவனம் குறித்த விவரங்களிலிருந்து விலகி வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எனவே பணம் கொடுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள்.

சில கடைகளில், “மட்கார்டு விளிம்பைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் தாராளமாக உட்காரும் சார்” என்பார்கள். அங்கே மட்டும் மாமனார் பக்கம் நில்லுங்கள். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய கார், சேஸியிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருந்தால்தான் விண்டேஜ் பதிவு கிடைக்கும். 1984 கான்டெஸாவுக்கு 2034-ல் அந்த வயது வரும். வீலைக் கழற்றி மாட்டலாம். வெட்டிய தகடு திரும்ப வளராது.

ஆகவே, பாடியைத் தொடாமல் கொள்ளும் அளவுக்கு மகன் ஆசைப்படட்டும். பழைய நாலு வீல்களையும், ஸ்டெப்னியையும், நட்டுகளையும் துடைத்து, எண்ணெய் தடவிப் பரணில் பத்திரமாக வையுங்கள். பேரன் விண்டேஜ் பதிவுக்குப் போகும் நாளில் தாத்தாவின் வீல்கள் வேண்டியிருக்கும்.