மண்டபத்தில் தேடும் பண்பாடு

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் திருமண வீட்டுக்குச் சென்று திரும்புவோர் பேசுவது மணமக்களைப் பற்றியன்று, மண்டபத்தைப் பற்றி. எத்தனை வகைக் கறி, எத்தனை கமரா, ட்ரோன் பறந்ததா? இவ்வளவு செலவு எதற்கு என்று கேட்டால் ஆயத்தமாக ஒரு விடை வரும்: "இது எங்கட பண்பாடு." அதே வீட்டுப் பிள்ளை க.பொ.த. உயர்தரத்தில் தமிழை ஒரு பாடமாக எடுக்க விரும்பினால் விடை வேறு: "தமிழ் படிச்சு என்ன செய்யப்போறாய்?"

இரண்டும் ஒரே வாயிலிருந்து வருவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பண்பாடு பேசுவோர் நல்லாவூர் கிழார் பாடிய அகநானூற்று 86ஆம் பாடலைப் படிக்கட்டும். உளுந்து சேர்த்துக் குழைத்த பொங்கல்; பந்தலின் கீழே பரப்பிய மணல்; விளக்கு, மாலை. மகப்பேறு பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகிறார்கள். திருமணம் முடிந்தது. தீவலம் இல்லை, தாலி பற்றியும் பேச்சில்லை. 136ஆம் பாடலிலோ நெய் மிகுந்த இறைச்சிச் சோறு விருந்தாகிறது. (சைவச் சாப்பாடே தமிழ் மரபு என்று அடித்துப் பேசுவோர் மன்னிக்க.)

பெருந்திருமணமும் நம் இலக்கியத்தில் உண்டு. கோவலன் கண்ணகி மணச் செய்தியை மகளிரை யானைமீது ஏற்றிப் புகார் நகருக்கு அறிவித்தார்கள். அந்த வீட்டில் கடைசியில் மிஞ்சியது ஒரு சோடிச் சிலம்பு. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போய்வரும் வன்னி மக்களுக்கு மீதிக் கதையை நான் சொல்லவேண்டியதில்லை.

இந்த ஆடம்பரத்தின் வேர் எனக்குத் தெரியாததன்று. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சி, பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அவசரமாகத் தாலி கட்டிவைத்த பெற்றோர் இங்கே பலர். தறப்பாளின் கீழ் நடந்த அவற்றைச் சிறிய திருமணங்கள் என்று புகழ எனக்கு நா எழாது. அப்படி மணந்தவர்கள் தம் பிள்ளைக்காவது மண்டபத்தில் மேளம் கொட்டவேண்டும் என்று ஏங்குவதில் பிழை காணவும் மாட்டேன். ஆனால் அந்த ஏக்கத்துக்கும் கடன்காரன் வட்டி கேட்கிறான். நுண்கடனில் சிக்கிய பெண்களுக்காக 2018 இல் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை அரசே தள்ளுபடி செய்ய முன்வந்த மாவட்டங்கள் இவை. 2020, 2021 இல் கொரோனா காரணமாக விருந்தினர் தொகைக்கு வரம்பிட்டபோது வீட்டு முற்றத்தில் நடந்த திருமணங்கள் செல்லாமற் போயினவா?

இனி உயர்தரத் தமிழ். வேலை கிடையாது என்ற அச்சம் பொய்யன்று. 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தில் வீதியோரம் இருந்து போராடியதை நாம் கண்டோம். கணிதமும் விஞ்ஞானமும் வேண்டாம் என்று நான் சொல்லவுமில்லை. அறிவியல் நகரில் பொறியியற் பீடம் இருப்பது வன்னிக்குப் பெருமையே. ஆயினும் விருப்பமில்லாத பாடத்தை மூன்று தடவை எழுதித் தோற்ற பிள்ளையை விட, விரும்பித் தமிழ் படித்த பிள்ளை எந்த வகையில் தாழ்ந்தது? 1987 இல் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிற்று. இன்றும் அரச பெயர்ப்பலகைகளில் தமிழ் படும் பாட்டைப் படமெடுத்து முகநூலில் இட்டுச் சிரிக்கிறோம். அதைத் திருத்தி எழுத யார் வீட்டுப் பிள்ளையை அனுப்பப் போகிறோம்?

தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டு அ. பாலமனோகரன் எழுதிய "நிலக்கிளி" 1973 இல் வெளிவந்தது. வன்னியின் மண்ணும் பேச்சும் அதில் இருக்கின்றன. மண்டபத்துக்கு முற்பணம் கட்டிய வீடுகளில் அந்த நூல் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.