கூரையைப் பார்த்துத் தீர்ப்பு வேண்டாம்

செய்மதியும் ட்ரோனும் எடுத்த படங்களைக் கொண்டு வீட்டுக் காப்புறுதியைத் தீர்மானிக்கும் வழக்கம் வெளிநாடுகளில் வேரூன்றிவிட்டது. கூரையில் பாசியும் கறையும் தெரிகின்றன என்று கூறி, வீட்டுக்காரர் அறியாமல் எடுத்த படத்தின் பேரில் காப்புறுதியைப் புதுப்பிக்க மறுத்ததாக அமெரிக்காவில் முறைப்பாடுகள் குவிந்தன. அதன் பின்னரே சில மாநிலங்கள் கட்டுப்பாடு பற்றிப் பேசின. இலங்கை அவ்வளவு காலம் காத்திருக்கக் கூடாது. புத்தளம் கரையோரம் காத்திருக்கவே முடியாது.

கற்பிட்டி முதல் உடப்பு, சிலாபம் வரை, உப்புக்காற்றில் அஸ்பெஸ்டஸ் கூரை விரைவில் கறுத்துவிடும். வெக்கை தணிய அதன்மேல் கிடுகு பரப்புவோரும் உண்டு. கீழே சீமெந்துச் சுவரும் கொங்கிறீற் தூணும் நிற்கும்; மேலிருந்து பார்த்தால் அது குடிசை. தென்னந்தோட்டத்து வீடு படத்தில் விழுவதே அரிது.

சேதத்தைக் கணக்கிடும்போது தவறு மறுபக்கம் திரும்புகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு தெதுறு ஓயா பெருகியது. இத்தகைய வெள்ளம் பெரும்பாலும் கூரையைத் தொடுவதில்லை. நீர் வடிந்த பின் எடுக்கும் படத்தில் கூரை முழுமையாகத் தெரியும். உள்ளே சன்னல் மட்டத்தில் சேற்றுக்கோடு, ஊறி உப்பிய கதவுநிலை, அடிமண் அரித்த அத்திவாரம். இவற்றைக் காண ஆள் உள்ளே போக வேண்டும்.

வீதிகள் அறுந்த நாட்களில் இப்படங்கள் நல்ல துணை. அதை எவரும் மறுக்கவில்லை. துணையாக வந்தது தீர்ப்பாக மாறுவதே ஆபத்து.

காரணம் சட்டத்தின் இடைவெளி. காப்புறுதித் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2000ஆம் ஆண்டுக்குரியது. ட்ரோன் அன்று வீட்டுக்கு மேல் பறக்கவில்லை. 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், இயந்திரம் தானாக எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையைச் சொல்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. உரிமை ஏட்டில் இருக்கிறது, கையில் இல்லை.

பொறுப்பு காப்புறுதியை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும், அதற்குச் சட்டம் இயற்றும் பாராளுமன்றத்துக்கும் உரியது. படத்தை மட்டும் வைத்துக் காப்புறுதியை மறுக்கவோ நட்டஈட்டைக் குறைக்கவோ கூடாது என்று விதி வேண்டும். படமும் அது எடுக்கப்பட்ட திகதியும் வீட்டுக்காரருக்குக் காட்டப்பட வேண்டும். குறையைத் திருத்த அவகாசமும் நேரடிப் பரிசோதனையும் மேன்முறையீடும் வேண்டும். அறிவித்தல் அவரவர் மொழியில் வர வேண்டும். மீன்பிடிக் குடும்பத்துக்கு வந்த ஆங்கிலக் கடிதம் அறிவித்தல் ஆகாது.

இந்த விதி அடுத்த வடகீழ்ப் பருவமழைக்கு முன் வர வேண்டும். அதுவரை, மறுப்புக் கடிதம் பெறும் வாசகர்கள் படத்தையும் திகதியையும் எழுத்தில் கேட்க வேண்டும்; கேட்டதன் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.